ஆச்சி வீட்டைக் கணினியில் கட்டியது பற்றி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் எங்கள் ஆச்சி வீடு இருந்தது. ஓட்டு வீடு. திண்ணை, தார்சா (திண்ணையை அடுத்த முன்கூடம்), பட்டாசல் (உள்கூடம்), அடுக்களை, பின்னால் புறவாசலும் தொழுவமும். 2018-ல் பாகம் பிரித்தபோது அதை இடித்துவிட்டு, சித்தப்பாக்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு கான்கிரீட் வீடு கட்டிக்கொண்டார்கள். அதற்கப்புறம் இரண்டு வருடம், சனி ஞாயிறுகளில் உட்கார்ந்து, அந்த வீட்டைக் கணினியில் திரும்பக் கட்டினேன். படம், ஒலி, கோட்டோவியம், ஆச்சியின் குரல் எல்லாம் சேர்ந்து, அறை அறையாகப் போய்ப் பார்க்கிற மாதிரி ஒரு கலைத் திட்டம். பார்த்தவர்கள் "எங்க வீட்டுக்கும் இப்படி ஒண்ணு செய்யணும், எப்படி?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்குத் தனித்தனியாக எழுதிய பதில்களைத்தான் இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

எதிலிருந்து தொடங்கினீர்கள்?

தப்பான இடத்திலிருந்து. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளைக் கற்றுக்கொண்டு, என் ஞாபகத்தில் இருந்த வீட்டை நாலு மாதம் கட்டினேன். சுண்ணாம்புச் சுவர், தேக்குத் தூண், ஓட்டுச் சரிவு, முற்றத்தில் விழுகிற வெயில், எல்லாம் பார்க்க அழகாகவே வந்தது. மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போய் ஆச்சியிடம் காட்டினேன். ஆச்சி ரொம்ப நேரம் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. யாரு வீடுட்டி இது?" என்றாள்.

அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அவள் சொன்னது சரி. நான் கட்டியிருந்தது பொதுவாக ஒரு பழைய வீடு. அதில் எங்கள் வீடு என்று சொல்ல ஒரு அடையாளமும் இல்லை.

அப்புறம் ஆச்சி கையில் ஒரு சாக்குக்கட்டியைக் கொடுத்து, சிமெண்டுத் தரையில் வீட்டை வரையச் சொன்னேன். அவள் முதலில் போட்டது அடுக்களை. அதையே பாதி வீடு அளவுக்குப் போட்டாள். அதற்குள் அடுப்பு, பாத்திரம் கழுவும் அங்கணம், உரல், அரிசிப் பானை இருந்த மூலை, புகை போகிற கூண்டு எல்லாம் வந்தன. திண்ணை ஒரு விரல் அகலத்துக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். அடுக்களையிலிருந்து கிணறு வரைக்கும் அடியிலும் சொல்லவில்லை, மீட்டரிலும் சொல்லவில்லை, "பதினாலு எட்டு, தவலையோட வந்தா பதினேழு" என்றாள். அன்றைக்குச் சாயங்காலம் அப்பாவை வரையச் சொன்னேன். அவர் வரைந்ததில் திண்ணையும் தார்சாவும் பெரிசாக இருந்தன, அடுக்களை ஒரு சின்னக் கட்டம், கிணறு இல்லவே இல்லை.

இந்த இரண்டு வரைபடங்களும்தான் என் திட்டத்தின் அடித்தளம். பழைய ஃபைலை மூடி வைத்துவிட்டு, ஒரே வீட்டை ஆச்சியின் அளவிலும் அப்பாவின் அளவிலும் மாற்றி மாற்றிப் பார்க்கிற மாதிரி திரும்பத் தொடங்கினேன். நீங்கள் செய்வதாக இருந்தால் மென்பொருளைத் திறப்பதற்கு முன்னால் வீட்டில் இருந்த ஒவ்வொருவரையும் தனித்தனியாக வரையச் சொல்லுங்கள். ஒருவர் வரைந்ததை இன்னொருவருக்கு முன்கூட்டிக் காட்டிவிடாதீர்கள். காட்டினால் அவர்கள் தங்கள் ஞாபகத்தை விட்டுவிட்டு, அதைத் திருத்த ஆரம்பித்துவிடுவார்கள்.

எனக்கு வரையவே வராதே?

ஆச்சிக்கும் வராது.

எங்கள் வீடு சாதாரண வீடுதான். செட்டிநாட்டு வீடு மாதிரி தூணும் ஆத்தங்குடி டைல்ஸும் கிடையாது. அதில் கலையாக்க என்ன இருக்கிறது?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. வீட்டில் மனிதர்கள் கை பட்ட இடங்களைத் தேடுங்கள். எங்கள் அடுக்களைக் கதவுக்குப் பின்பக்கம் ஆச்சி கரித்துண்டால் பால் கணக்குப் போட்டு வைப்பாள். ஒரு நாளைக்கு ஒரு நேர்க்கோடு. கூடுதலாக வாங்கின அன்றைக்குக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. பால்காரர் வராத நாளுக்கு ஒரு வட்டம். மாதம் முடிந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு அடுத்த மாதம். துடைத்துத் துடைத்து அந்தப் பலகையின் அந்த இடம் மட்டும் சாம்பல் நிறத்துக்கு மாறிப்போயிருந்தது. என் திட்டத்தில் அந்தக் கதவைத் தொட்டால் ஒரு மாதத்துக் கோடுகள் ஒவ்வொன்றாக விழுந்து, கடைசியில் ஒரு கை வந்து துடைத்துவிட்டுப் போகும். வேறு எந்த அறையையும்விட எங்கள் குடும்பத்தார் அதிக நேரம் நிற்பது அங்கேதான்.

அந்தக் கதவை யாரும் படம் எடுத்து வைத்திருக்கவில்லை. எனக்கு அது கிடைத்தது மாமா பையனின் காதுகுத்துப் படம் ஒன்றில். முன்னால் குழந்தை அழுகிறான், ஆசாரி கையில் ஊசி, பின்னால் பாதி திறந்த கதவு, அதில் கோடுகள். காதுகுத்து, சடங்கு, கல்யாண ஆல்பங்களை எடுத்து ஆட்களை விட்டுவிட்டுப் பின்னணியை மட்டும் பாருங்கள். சுவிட்சு போர்டு, காலண்டர் ஆணி, மாடக்குழிக்கு மேலே ஏறின கரி, நிலையில் பிள்ளைகளின் உயரத்துக்குப் போட்ட கோடு எல்லாம் அங்கே கிடைக்கும். வீட்டில் பழைய விஎச்எஸ் கேசட் இருந்தால் உடனே டிஜிட்டலாக மாற்றிவிடுங்கள். நாடா பூஞ்சை பிடித்துவிட்டால் மீட்பது கஷ்டம்.

என்ன மென்பொருள்? எவ்வளவு செலவு ஆகும்?

பெரும்பாலும் காசில்லாமலே முடிக்கலாம். வரைவதற்குக் கிரிட்டா, கோடுகளுக்கும் வரைபடத்துக்கும் இங்க்ஸ்கேப், முப்பரிமாணத்துக்குப் பிளெண்டர், ஒலிக்கு ஆடாசிட்டி. நாலும் இலவசம். அறைகளை இணைத்து "இங்கே தொட்டால் அங்கே போகும்" என்று செய்வதற்கு ட்வைன் என்று ஒரு கருவி இருக்கிறது, கிளைக்கதை எழுதுவதற்காக உருவானது, நிரல் தெரியாதவர்களும் ஒரே நாளில் பழகிவிடலாம். நான் செலவழித்தது ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவிக்கும் ஊருக்குப் போய் வந்த பஸ் டிக்கெட்டுக்கும்தான்.

பொருட்களை முப்பரிமாணத்தில் எடுப்பது எப்படி?

செல்போனே போதும். ஒரு பொருளைச் சுற்றிச் சுற்றி நிறையப் படம் எடுத்தால், படங்களுக்கிடையே பொதுவாக இருக்கும் புள்ளிகளைக் கண்டுபிடித்து மென்பொருள் அதன் உருவத்தைக் கணக்கிட்டுவிடும். இதற்குப் போட்டோகிராமெட்ரி என்று பெயர். கணினியில் செய்ய மெஷ்ரூம், செல்போனிலேயே செய்ய ரியாலிட்டிஸ்கேன் மாதிரி ஆப்கள் இருக்கின்றன. 2020-ல் வந்த ஐபோன் 12 ப்ரோவிலிருந்து ப்ரோ மாடல்களில் லைடார், அதாவது லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் கருவி, இருக்கிறது. அறையின் அளவை எடுக்க அது வசதி, ஆனால் சின்னப் பொருளுக்கு வெறும் படங்களே நன்றாக வரும்.

எங்கள் அம்மி இப்போது சித்தி வீட்டுக் கொல்லையில் கிடக்கிறது. மேகமூட்டமான ஒரு காலையில் அதைச் சுற்றி 72 படம் எடுத்தேன், மூன்று உயரங்களில், ஒவ்வொரு படமும் முந்தின படத்தில் முக்கால்வாசியாவது திரும்ப வருகிற மாதிரி. கருங்கல்லில் உப்பும் மிளகும் தூவின மாதிரி புள்ளிகள் இருப்பதால் அம்மி அருமையாக வந்தது. நடுவில் தேய்ந்த பள்ளம், ஒரு ஓரம் உடைந்த மூளி, கல் கொத்தினவர் விட்டுப்போன உளித்தடம் வரைக்கும். வெண்கலப் பானை வரவேயில்லை. பளபளப்பில் சுற்றுப்புறம் தெரிவதால் மென்பொருள் குழம்பி, உருகின மெழுகு மாதிரி ஏதோ கொடுத்தது. முகப்பவுடரைத் தூரிகையால் லேசாகத் தூவி எடுத்தேன், முக்கால்வாசி வந்தது. வயிற்றுப் பக்கம் ஒரு ஓட்டை விழுந்தது, அதை அடைக்காமல் அப்படியே விட்டுவிட்டேன். வெள்ளையடித்த வெறும் சுவர், கண்ணாடி, நிலைக்கண்ணாடி இதெல்லாமும் இதே மாதிரி சரியாக வராது. பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து எடுங்கள். படங்களை மட்டும் வைத்துக்கொண்டு பொருளின் நிஜ அளவை மென்பொருளால் சொல்ல முடியாது.

வீடும் இல்லை, படங்களும் இல்லை. போரில் எல்லாம் போய்விட்டது. எனக்கு இது பொருந்துமா?

இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் இதைக் கேட்டிருக்கிறார்கள். உங்களுக்குத்தான் என்னைவிட நல்ல முன்னோடி இருக்கிறார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்த தமிழர்களையும் முஸ்லிம்களையும் சந்தித்து, அவர்கள் இழந்த வீட்டை நினைவிலிருந்து தரைப்படமாக வரையச் சொன்னார். அவர்கள் கையால் வரைந்த படங்களோடு, அதே வீட்டைக் கட்டிடக்கலை முறைப்படி வரைந்த படத்தையும் தன்னுடைய ஓவியத்தையும் சேர்த்து 2011-ல் ஒரு கலைநூலாகக் கொண்டுவந்தார். தலைப்பில் தோம்பு என்ற சொல்லை வைத்தார். போர்த்துக்கீசர், டச்சுக்காரர் காலத்துக் காணிப் பதிவேட்டுக்கு அதுதான் பெயர். காணி உறுதிப் பத்திரமும் இல்லாமல் வீடும் இல்லாமல் இருப்பவர்கள் நினைவாலேயே தங்கள் காணியைப் பதிவு செய்வது என்றால் அது எவ்வளவு பெரிய விஷயம்! என் ஆச்சி கையில் நான் சாக்குக்கட்டியைக் கொடுத்ததற்கு அந்த நூலும் ஒரு காரணம்.

ஊர்ப் பெயர், பள்ளி மலர், கோயில் மலர், பழைய சஞ்சிகைகளில் உங்கள் தெருவைப் பற்றிய சின்னக் குறிப்பு இவற்றைத் தேட நூலகம் இணையத்தளம் இருக்கிறது. 2005-லிருந்து ஈழத்துத் தமிழ் ஆவணங்களை ஸ்கேன் செய்து இலவசமாகப் படிக்கத் தருகிறார்கள். ஞாபகம் வராத அறையை வெறுமையாகவே விடுங்கள். அங்கே "இந்த இடம் ஞாபகமில்லை" என்று அம்மாவின் குரலையே வைக்கலாம்.

வாடகை வீடுகளிலேயே வளர்ந்தேன். 11 மாதத்துக்கு ஒரு ஒப்பந்தம், எந்த வீடும் சொந்தமில்லை. எதை வரைவது?

வீடு மாறும்போதெல்லாம் கூடவே வந்தவற்றை. என் தோழி ஒருத்திக்கு ஒன்பது வாடகை வீடுகள். ஒன்றின் தரைப்படமும் அவளுக்குச் சரியாக ஞாபகம் இல்லை. பேசிக்கொண்டே இருந்தபோது சமையலறைக்குள் போய் ஒரு எவர்சில்வர் தூக்கை எடுத்து வந்து விளிம்பைக் காட்டினாள். அம்மாவின் பெயரும் கல்யாணத் தேதியும் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. அதற்கப்புறம் வீட்டில் இருந்த எல்லாப் பாத்திரத்தையும் தரையில் கவிழ்த்துப் பார்த்தோம். தாத்தா பெயரில் பித்தளைக் குடம், அத்தை வளைகாப்புக்கு வந்த கிண்ணங்கள், யாரோ தெரியாத ஒருவர் பெயரில் ஒரு டம்ளர் (எந்த விசேஷத்திலோ மாறி வந்துவிட்டது, யாரும் திருப்பிக் கேட்கவில்லை), அவளுடைய பெயரை எழுத்துப் பிழையோடு வெட்டின ஒரு தட்டு. மெல்லிய காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து அப்படியே ஏறிவிடும். அதை ஸ்கேன் செய்து, ஒவ்வொரு பெயருக்கும் அந்தப் பாத்திரத்தைத் தட்டினால் வரும் ஓசையை இணைத்தாள். ஒன்பது வீடுகளை அவள் ஒன்பது அடுக்களை அலமாரிகளாகத்தான் வரைந்திருக்கிறாள். எந்தப் பாத்திரம் எந்த வீட்டில் சேர்ந்தது, எது எந்த வீட்டில் அடகுக்குப் போனது என்பது வரைக்கும் அதில் தெரிகிறது.

இப்படி ஒரு வீட்டை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

ஒலிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் கொடுக்கிறீர்கள்?

கண்ணை மூடிக்கொண்டு உங்கள் வீட்டை நினைத்துப் பாருங்கள், தெரியும். எனக்கு முதலில் வருவது நாதாங்கி, வாசல் கதவின் இரும்புக் கொண்டி. ராத்திரி அப்பா கடைசியாக வந்து அதைப் போடுகிற சத்தம் கேட்டால்தான் தூக்கம் வரும். வீட்டை இடித்தபோது ஒரு சித்தப்பா அந்த நாதாங்கியைக் கழற்றி வைத்திருந்தார். அதை ஒரு பலகையில் அடித்துப் பதிவு செய்தேன், சத்தம் வரவில்லை, அதாவது எங்கள் சத்தம் வரவில்லை. கதவின் கனம் இல்லாமல் அது தகரம் மாதிரி கேட்டது. கடைசியில் பெரிய அத்தை வீட்டுக் கதவில் பதிவு செய்தேன், அதே காலத்துக் கதவு. மழையும் அப்படித்தான். ஓட்டில் விழுகிற மழைக்காக ஐப்பசியில் மூன்று தடவை அத்தை வீட்டுக்குப் போய், மூன்றாவது தடவைதான் கிடைத்தது. இரண்டு இடத்திலும் "இது பெரிய அத்தை வீட்டில் பதிவு செய்தது" என்று எழுதியிருக்கிறேன். எழுதாமல் விட்டால் அது பொய்.

சில விஷயங்கள் கவனத்தில் இருக்கட்டும். எம்பி3-யாகப் பதிவு செய்யாமல் வேவ் ஃபைலாக, 48 கிலோஹெர்ட்ஸில் எடுங்கள். சுருக்குவதை அப்புறம் செய்துகொள்ளலாம், சுருக்கினதை விரிக்க முடியாது. வெளியில் எடுக்கும்போது மைக்கின் மேல் காற்று படாமல் ஸ்பாஞ்சு உறை போடுங்கள். பெரியவர்களிடம் பேசும்போது கேள்வி முடிந்ததும் நீங்கள் பேசாமல் இருக்கப் பழகுங்கள். ஆச்சி சொன்ன நல்ல விஷயங்கள் எல்லாம் அவள் பேசி முடித்துவிட்டாள் என்று நான் நினைத்ததற்குப் பத்து விநாடி கழித்து வந்தவை.

பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கலர் கொடுக்கலாமா?

முதலில் நல்ல ஸ்கேன். 4×6 அங்குலப் படத்தை 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுத்தால் 2400×3600 பிக்சல் கிடைக்கும், அது போதும். சட்டத்துக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரிக்க முயற்சி செய்யாதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடே ஸ்கேன் செய்யுங்கள்.

கலர் விஷயத்துக்கு வருகிறேன். ஆச்சியும் தாத்தாவும் ஸ்டுடியோவில் எடுத்த படத்தை ஒரு ஏஐ கருவியில் போட்டேன். சேலையை நீலமாக்கிக் கொடுத்தது. ஆச்சி பார்த்த உடனே, "இது எஞ்சேலை இல்ல. அரக்குல மாம்பழ மஞ்சக் கரை" என்றாள். கருவி ஊகிக்கிறது, அவ்வளவுதான், அதற்கு அரக்கும் தெரியாது நீலமும் தெரியாது. உடுத்தினவர் உயிரோடு இருந்தால் அவரிடம் கேட்டுக் கையால் நிறம் போடுங்கள். இல்லாவிட்டால் கறுப்பு வெள்ளையாகவே இருக்கட்டும்.

தமிழ் எழுத்துகள் உடைந்து வருகின்றன. 'கொ' போட்டால் கொம்பு வேறு இடத்தில் போய் உட்காருகிறது. என்ன செய்வது?

மென்பொருள் தமிழின் எழுத்துச் சேர்க்கையைக் கையாளாததால் வருகிற சிக்கல் இது. போட்டோஷாப் என்றால் எழுத்துக்கான அமைப்புகளில் வேர்ல்ட்-ரெடி லேஅவுட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இங்க்ஸ்கேப்பில் பொதுவாகப் பிரச்சினை இல்லை. பாமினி மாதிரி பழைய எழுத்துருக்களில் எழுதி வைக்காதீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, ஹிந்த் மதுரை, பவனம் எல்லாம் யூனிகோடு, இலவசம்.

ஆனால் கையெழுத்தைத் தட்டச்சாக மாற்றிவிடாதீர்கள். ஆச்சி எழுதின கடிதங்களில் 'லை', 'னை' எல்லாம் தும்பிக்கை வைத்த பழைய வடிவத்தில் இருக்கும், 'றா', 'னா'வும் அப்படித்தான். 1978-ல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றதற்கு முன்னால் படித்தவர்கள் எழுதுவது அப்படி. நான் அதைத் தட்டச்சு செய்தால் என் பள்ளிக்கூட எழுத்துதான் வரும், ஆச்சியின் எழுத்து காணாமல் போய்விடும். அதனால் கடிதங்களைப் படமாகவே வைத்து, தொட்டால் அவள் குரலில் வாசிக்கிற மாதிரி செய்திருக்கிறேன்.

கோலத்தைக் கணினியில் போட நிரல் எழுதலாமா?

தாராளமாக. கோலத்துக்கும் கணினிக்கும் உள்ள உறவு பழையது. 1970-களிலேயே கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் கோலங்களை இலக்கணம் உள்ள ஒரு பட மொழியாக எடுத்துக்கொண்டு ஆராய்ந்து, 1974-ல் கட்டுரை வெளியிட்டார்கள். புள்ளி வரிசை, கோடு வளைகிற விதி இரண்டையும் கொடுத்துவிட்டால் சிக்குக் கோலத்தை நிரலே போட்டுவிடும்.

ஆனால் அப்படி வருவது யாருடைய கோலம் என்பதுதான் என் கேள்வி. ஆச்சியின் கோலத்தில் வலது பக்கச் சுழிகள் எப்போதுமே கொஞ்சம் பெரிசு. வலது முழங்காலில் வலி, அந்தப் பக்கம் குனிய முடியாமல் கையை வீசி இழுப்பாள். கணினியின் சமச்சீர்க் கருவியில் போட்டால் அந்த முழங்கால் வலி அழிந்துபோகும். ஒரு கம்பில் செல்போனைக் கட்டி மேலிருந்து வீடியோ எடுத்து, எந்தப் புள்ளிக்கு அப்புறம் எந்தப் புள்ளி, எங்கே கை நிற்கிறது, எங்கே மாவு தீர்ந்து திரும்ப எடுக்கிறாள் என்பதோடு அப்படியே வரைந்தேன். அம்மாவின் கோல நோட்டு இருந்தால் பத்திரப்படுத்துங்கள், ஓரத்தில் எழுதியிருக்கும் பால்பாக்கெட் கணக்கோடு சேர்த்து.

ஏஐ-யிடம் "பழைய தமிழ் வீடு" என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் படம் வந்துவிடுகிறதே?

நானும் கேட்டுப் பார்த்தேன். கேரளத்து முகப்பும் எங்கேயோ பார்த்த ராஜஸ்தான் வளைவும் தூணுக்கு ஒரு பித்தளை விளக்கும் வந்தன. எல்லாம் தங்க நிற வெயிலில். என் முதல் முயற்சியில் நான் கட்டிய வீட்டுக்கு அது அண்ணன் தம்பி. யாருடைய வீடு என்று கேட்டால் இரண்டுக்குமே பதில் கிடையாது. படத்தில் தூசி அழிப்பது, பேச்சை எழுத்தாக்குவது மாதிரி வேலைகளுக்கு ஏஐ-யைப் பயன்படுத்துகிறேன். ஞாபகத்தில் விழுந்த ஓட்டையை அடைக்கப் பயன்படுத்த மாட்டேன்.

வீட்டில் நல்லது மட்டுமா நடந்தது? சொல்ல முடியாதவற்றை என்ன செய்வது?

இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு நன்றி. எனக்கும் இதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்த இடம்.

எங்கள் வயலில் வேலை செய்த ஒரு பெரியவர் தினமும் புறவாசல் வரைக்கும் வருவார். அவருக்கென்று ஒரு டம்ளர் தொழுவத்துச் சுவரில் கவிழ்த்து வைத்திருக்கும். எழுபது வயது மனிதரை நாங்கள் சின்னப் பிள்ளைகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம், யாரும் எங்களைத் திருத்தவில்லை. திட்டம் முக்கால்வாசி முடிந்த நேரத்தில் அவருடைய மகனிடம் காட்டினேன். அவர் அறை அறையாகப் பார்த்துவிட்டு, "உள்ள இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டார். நாற்பது வருடம் அவருடைய அப்பா வந்து போன வீடு அது.

அதற்கப்புறம் வீட்டுக்குள் நுழைய இன்னொரு வழி வைத்தேன். தெருப்பக்கமாகப் போகாமல், வயலிலிருந்து கொல்லை வழியாக வந்தால் தொழுவம், டம்ளர், புறவாசல் படி. அங்கே நின்றுவிடும், உள்ளே போக முடியாது. அடுக்களைச் சத்தம் மட்டும் கேட்கும். அந்த மகனிடம் காட்டி, அவர் சரி என்று சொன்ன பிறகுதான் சேர்த்தேன். அவர் சொன்ன இரண்டு திருத்தங்களையும் செய்தேன்.

இன்னொன்று, தொழுவத்தை ஒட்டி ஒரு சாய்ப்பு, சரிவாகக் கூரை இறக்கின சின்ன இடம். மாதத்தில் மூன்று நாள் பெண்கள் அங்கேதான். 'வீட்டுக்குத் தூரம்' என்று சொல்வோம் இல்லையா, அந்தச் சொல்லைப் பற்றி நான் அதுவரை யோசித்ததே இல்லை. வரைபடத்தில் அந்த இடத்துக்குப் பெயர் எழுத உட்கார்ந்தபோதுதான் உறைத்தது, வீட்டுக்குள்ளேயே வீட்டுக்குத் தூரமாக ஒரு அறை. அதன் பெயரை 'தூரம்' என்றே எழுதினேன். அப்பா வரைந்த வரைபடத்தில் அந்தச் சாய்ப்பு இல்லை. ஆச்சி வரைந்ததில் இருந்தது.

குடும்பத்தில் எதிர்ப்பு வந்ததா?

வந்தது. "நம்ம வீட்டு அழுக்க ஊருக்கு எதுக்குக் காட்டணும்" என்று ஒரு சித்தப்பா ஆறு மாதம் பேசவில்லை. நான் செய்தது இதுதான்: ஒருவர் குரலோ முகமோ வருகிற இடத்தை அவருக்கு முன்கூட்டியே காட்டினேன், வேண்டாம் என்றால் எடுத்துவிட்டேன். சாய்ப்பைப் பற்றிப் பேசின சித்தி பெயர் போடக்கூடாது என்றாள், போடவில்லை. ஆனால் இடத்தை அழிக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளவில்லை. டம்ளர் அங்கே இருந்தது, சாய்ப்பும் இருந்தது. சித்தப்பா இப்போது பேசுகிறார், நாதாங்கியைக் கொடுத்தவரும் அவர்தான்.

பொதுவெளியில் வைக்கும்போது படங்களில் பதிந்திருக்கும் ஜிபிஎஸ் இடக்குறிப்பை நீக்குங்கள். பத்திரம், பட்டா, ரேஷன் கார்டு எண்களை மறைத்துவிடுங்கள்.

எங்கே வைப்பது? எத்தனை நாள் நிற்கும்?

இலவச இடம் என்று ஒரே நிறுவனத்தை நம்பாதீர்கள். 1994-ல் தொடங்கின ஜியோசிட்டீஸில் லட்சக்கணக்கானவர்கள் தங்கள் முதல் இணையப் பக்கத்தைக் கட்டினார்கள், 'அக்கம்பக்கம்' என்று தெருத் தெருவாகவே பிரித்திருந்தார்கள். 2009-ல் மூடப்பட்டது. ஃப்ளாஷ் என்ற அசைபட மென்பொருளில் செய்த கலைப்படைப்புகள் எத்தனையோ, 2020 கடைசியோடு அதற்கும் ஆதரவு நின்றது. அதனால் முடிந்தவரை எளிய வடிவங்களில் வைத்திருங்கள்: சாதாரண எச்டிஎம்எல் பக்கம், பிஎன்ஜி அல்லது ஜேபெக் படங்கள், வேவ் ஒலி, முப்பரிமாணத்துக்கு ஜிஎல்பி. மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில். என்னுடையதில் ஒன்று திருநெல்வேலியில் அத்தை வீட்டுப் பீரோவில் ஹார்ட் டிஸ்க்காக இருக்கிறது. வாட்சப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

விற்கலாமா?

உங்கள் விருப்பம். நான் விற்கவில்லை, எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் பென்டிரைவில் கொடுத்தேன்.

எங்கள் வீட்டை அடுத்த வாரம் இடிக்கிறார்கள். கையில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

காலையில் முதலில் சுவர்களைத் துடைக்காதீர்கள், சாமான்களை ஒதுக்காதீர்கள். இருக்கிறபடியே ஒவ்வொரு அறையின் நாலு மூலையிலும் நின்று எதிர் மூலையைப் படம் எடுங்கள். அப்புறம் இடுப்பு உயரத்தில் ஒரு தடவை, உட்கார்ந்தபடி ஒரு தடவை. உங்கள் குழந்தைப் பருவ ஞாபகங்கள் எல்லாம் அந்த உயரத்தில்தான் இருக்கின்றன. டேப்பால் நீளம், அகலம், நிலையின் உயரம் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். கதவு, ஜன்னல், சுவிட்சு, குழாய், கிணற்று ராட்டினம் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை இயக்கி ஒலிப்பதிவு செய்யுங்கள். மத்தியானம் வீட்டில் மூத்தவரை அழைத்துவந்து, கூடவே நடந்து, "இங்க என்ன இருந்துச்சு?" என்று மட்டும் கேளுங்கள். சாயங்காலம் கிளம்பும்போது போனை ஜன்னல் திண்டில் வைத்து, பதிவை ஓடவிட்டு, எல்லோரும் வெளியே வந்து அரை மணி நேரம் தெருவில் இருங்கள். யாரும் இல்லாத வீட்டின் சத்தமும் உங்களுக்கு வேண்டியிருக்கும்.